அடுத்த கார்டு வரட்டும்

மச்சானுடைய பீரோவில் எப்போதும் பிரிக்காத சட்டைகள் இருக்கும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கா எடுத்துக் கொடுப்பாள். அவர் அட்டைப்பெட்டியோடு வாங்கி, ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, "இத ஒரு நல்ல நாளாப் பாத்துப் போடுறேன்" என்று உள்ளே வைத்துவிடுவார். தீபாவளியைவிட நல்ல நாள் எது என்று கேட்டால் சிரிப்பார். அந்த நல்ல நாள் வந்து அவர் சட்டையை வெளியே எடுக்கும்போது வயிறு பொத்தான்களை மீறி வளர்ந்திருக்கும். அவர் போன பிறகு அக்கா அவற்றையெல்லாம் தெருவில் யார் யாருக்கோ கொடுத்தாள். கழுத்துப்பட்டையில் குத்தியிருந்த குண்டூசிகளைக்கூட எடுக்காமல் கொடுத்தாள்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். என்னை மாப்ளே என்று கூப்பிடுவார். சொந்த ஊர் சிலமலை, வீடு போடியில், நானும் அவர்களோடுதான், மேலே மலைச் சரிவில் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். இதை நான் கையால் எழுதவில்லை. ஃபோனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. எனக்குப் பார்வை போய்விட்டது. அவரைப் பற்றிப் பேசினால் என் கண்ணைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை ஒளித்துவைத்து யாரையும் திடுக்கிட வைக்கிற ஆசை எனக்கில்லை.

"பொறு மாப்ளே, அடுத்தது வருது." இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் மச்சானிடம் மிச்சம் பெரிதாக ஒன்றும் இருக்காது. பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ்சு வந்து நிற்கும். பாதி சீட்டு காலியாக இருக்கும். "பின்னாலயே இன்னொண்ணு வருது, அது முழுசாக் காலியா வரும்" என்பார். அது வரும்போது படியில் ஆள் தொங்கிக்கொண்டிருக்கும். "கொழப்பமில்ல" என்று சொல்லிக்கொண்டே தொற்றுவார். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்களிடம் பழகிப் பழகி ஒட்டிக்கொண்ட மலையாள வார்த்தை அது, பரவாயில்லை என்று அர்த்தம். எது கைவிட்டுப் போனாலும் அவருக்குக் குழப்பமில்லைதான்.

அக்கா மச்சான் கல்யாண ஃபோட்டோவில் மாலை வாடியிருக்கும். மண்டபத்து வாசலில் வெயில் மூஞ்சியில் அடிக்கிறது, கொஞ்சம் தணியட்டும், அப்புறம் எடுத்தால் முகம் தெளிவாக விழும் என்று மாப்பிள்ளையே ஃபோட்டோக்காரரிடம் சொல்லிவிட்டார். வெயில் தணிந்தது. முகமெல்லாம் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது. ரோஜா இதழ்கள் சுருண்டு, அக்காவின் கண்மை கரைந்து, பின்னால் பந்திக்காரர்கள் நாற்காலியை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஃபோட்டோவைக் காட்டி அக்கா நெடுநாள் கேலி பேசினாள். வீடு கட்டி முடியட்டும் என்று பிள்ளை பெற்றுக்கொள்வதையும் அவர் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, வீடு முடிந்த பிறகு பிள்ளை தங்கவேயில்லை என்று ஆனதும் அவள் அந்தக் கேலியை நிறுத்திவிட்டாள். ஃபோட்டோவையும் கூடத்துச் சுவரிலிருந்து கழற்றி உள்ளே வைத்துவிட்டாள்.

நான் அப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். காயை முறத்தில் பரப்பி, பச்சை தனியாக, வெளிறியது தனியாக, வெடித்தது தனியாக ஒதுக்க வேண்டும். அதற்குக் கண்தான் முதல். ஒருநாள் கடைக்காரர் நான் ஒதுக்கிய பச்சையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஓரத்துல இருக்கறதெல்லாம் ஒனக்குத் தெரியலயா?" என்றார். கேலி என்று நினைத்தேன். இருட்டினால் தடுமாறுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, மாலைக்கண் என்று விட்டுவிட்டிருந்தோம். ஓரம் தெரியவில்லை என்பது அன்றுதான் எனக்கே உறைத்தது.

மதுரையில் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் மச்சான்தான் கூட்டிப் போனார். அன்றைக்கு அடுத்த பஸ்சுக்கு அவர் காத்திருக்கவில்லை. வந்த முதல் வண்டியில் என்னை ஏற்றி, ஒரு சீட்டைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, மதுரை வரை நின்றுகொண்டே வந்தார். அவரை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் அப்பாவுக்கு அம்மா மாமன் மகள். அதைக் கேட்டுக்கொண்டு, விளக்கடித்துப் பார்த்துக்கொண்டு, அந்த டாக்டர் நிதானமாகச் சொன்னார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகும். அப்புறம் அந்தக் குழாயும் மூடும். சில வருடம் இருக்கிறது, எத்தனை என்று சொல்ல முடியாது, மருந்து இல்லை. "பாக்கணும்னு நெனைக்கிறதெல்லாம் பாத்துக்கங்க" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, நல்ல மனுசர்.

திரும்பி வரும்போது பஸ்சில் மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆண்டிபட்டி கணவாய் தாண்டியதும் கேட்டார்.

"என்ன பாக்கணும் மாப்ளே? சொல்லு. கூட்டிப்போறேன்."

எனக்கு மலைதான் பார்க்க வேண்டும். குரங்கணியிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் பள்ளிக்கூட நாட்களில் நிறைய நடந்திருக்கிறேன். இனி அக்கா விடமாட்டாள். கால் வைக்கிற இடம் தெரியாதவனுக்கு மலைப்பாதையில் என்ன சோலி என்பாள். அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தச் சமயத்தில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குதிரை, ஒரு ஆள், ஒரு பெரிய பனிமலை. அடிவாரத்தில் ஆரம்பித்து உச்சி வரை போகலாம். உச்சியில் நின்றால் சூரியன் எழும்புவது தெரியும், வந்த வழி முழுவதும் கீழே தெரியும் என்றார்கள். ஃபோனில் அதன் துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன்.

"அந்த உச்சிக்கு ஒருதரம் ஏறிப் பாத்துட்டாப் போதும் மச்சான்."

அவர் அதைச் சிறுபிள்ளைப் பேச்சாக எடுக்கவில்லை. "ஏறிருவோம். டிவில மங்கலா இல்ல. அதுக்குன்னு ஒரு மெசின் போடுறேன் ஒனக்கு. ஒவ்வொரு கல்லும் தெரியணும்" என்றார். சொன்னபோது என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே கேபினட் வாங்கிவிட்டார். ஒரு பக்கம் கண்ணாடி வைத்த கறுப்புப் பெட்டி. மாடி அறையில், ஏலக்காய் மூடைகளுக்குப் பக்கத்தில் மேசை போட்டு அதை வைத்தார். உள்ளே ஒன்றும் கிடையாது. பவர் சப்ளை பிறகு வந்தது, போர்டு அதற்குப் பிறகு. மானிட்டர் வந்து அட்டைப்பெட்டியிலேயே நின்றது. படத்தை வரைந்து கொடுக்கிற கிராபிக்ஸ் கார்டுதான் அந்த மெசினுக்கு உயிர், அது மட்டும் வரவில்லை. வாங்க முடியாமல் இல்லை. வாங்கவில்லை.

காரணம் எப்போதும் சரியான காரணமாகவே இருந்தது. முதலில், கம்ப்யூட்டரை வைத்து டிஜிட்டல் காசு தோண்டுகிறவர்கள் உலகத்துக் கார்டையெல்லாம் அள்ளிவிட்டார்கள், அவர்கள் ஓயட்டும் என்றார். ஓய்ந்தார்கள். அப்புறம் நோய்க்காலத்தில் கப்பல் வரவில்லை, வரட்டும் என்றார். வந்தது. அப்போது புதிய வரிசைக் கார்டு வரப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

"அடுத்த கார்டு வரட்டும் மாப்ளே. இப்ப வாங்குனா, அது வந்த அன்னிக்கி நாம ஏமாந்தவன். ஆறே மாசம்."

மலையில் சிக்னல் கிடைக்கிற பாறையில் உட்கார்ந்து அவர் இந்தச் செய்திகளையெல்லாம் ஃபோனில் பார்ப்பார். இங்கிலீஷ்காரன் பேசுவது பாதிதான் புரியும் என்றாலும் விசயத்தைப் பிடித்துவிடுவார். கீழே இறங்கியதும் என்னிடம் ஒப்பிப்பார். கேட்கிறவனுக்கு அலுப்பே வராது, அவ்வளவு நம்பிக்கையோடு சொல்வார்.

கன்சோல் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் அவருக்கு முகம் மாறிவிடும். டிவியில் மாட்டி உடனே விளையாடுகிற பெட்டிதானே, அதை வாங்கினால் இன்றைக்கே மலை ஏறலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கன்சோல்னா குத்தகைத் தோட்டம் மாப்ளே. காய் எடுத்துக்கலாம், அம்புட்டுதான். கேட்டுச் சாவி அவங்கிட்ட இருக்கும். தெறந்து பாக்க முடியாது, ஒண்ணு மாத்தி ஒண்ணு போட முடியாது. நாளைக்கி அவன் புதுப்பெட்டி விட்டா ஒம்பெட்டி குப்ப. நம்ம கம்ப்யூட்டரு, பிசி இருக்கே, அது பட்டா நெலம். இன்னிக்கி கத்திரி போடுவேன், நாளைக்கி வாழ போடுவேன். எவன் கேக்குறது?"

இதில் அவருடைய சொந்தக் காயம் இருந்தது. அவருடைய அப்பா மேலே ஒரு சரிவைக் குத்தகைக்கு எடுத்து, வெறும் காடாக இருந்த இடத்தில் செடி நட்டு, நிழல் பார்த்து, தண்ணீர் கட்டி, காய் பிடிக்க வைத்தார். நல்ல பறிப்பு வருகிற நேரத்தில் குத்தகை முடிந்தது என்று நிலத்துக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டார். அப்பாவும் மகனும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, செடிகளின் அடியில் காய் கொத்துக்கொத்தாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்களாம். அந்த நிலத்துக்காரர் முன்னமே சொல்லித்தான் இருந்தார், இன்னும் ஒரு பறிப்பு பார்த்துவிட்டு மாற்று இடம் தேடலாம் என்று அப்பாதான் இருந்துவிட்டார் என்று அக்கா சொல்வாள். மச்சான் கதையில் அந்தப் பகுதி வராது.

நானும் விடமாட்டேன். "பிசில வாங்குற வெளாட்டும் கம்பெனி கணக்குலதான மச்சான் கெடக்கு? அவன் கணக்க மூடிட்டா அதுவும் போச்சுல்ல. அப்ப அது மட்டும் என்ன பட்டா?"

ஃபோனை எடுத்து எதையோ தேடினார். பிறகு, "அதுக்கும் ஒரு வழி வரும், பொறு" என்றார்.

அவர் சொன்ன வருங்காலம் எதுவும் தப்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கன்சோலுக்கு மட்டும் வருகிற விளையாட்டெல்லாம் ஒருநாள் பிசிக்கு வந்தே தீரும் என்றார், ஒவ்வொன்றாக வந்தது. கன்சோலுக்குள்ளே இருப்பதும் பிசிதான், கடைசியில் அவனும் நம் வழிக்கே வருவான் என்றார், அந்தப் பேச்சும் இப்போது அடிபடுகிறது. கையில் பிடித்து விளையாடுகிற பிசி வரும் என்றார், வந்துவிட்டது. அகலப் பாதையாக மாற்றுவதற்காகப் போடி ரயில் நின்றுபோய் வருடக்கணக்கில் தண்டவாளமே இல்லாமல் கிடந்தபோது, "ரயிலு வரட்டும், ஒங்கக்காவ மதுரைக்குச் சொகுசாக் கூட்டிப் போய்ப் பட்டு எடுத்துத் தாறேன்" என்றார். ஊரே சிரித்தது. ரயிலும் வந்தது. அவர் கர்வத்தோடு எங்களை ஏற்றி, என்னை சன்னல் ஓரத்தில் உட்காரவைத்து, "பாத்தியா?" என்றார். அதற்குள் என் பார்வை உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. மலை முழுவதாகத் தெரியவில்லை. ஒரு துண்டு, தலையைத் திருப்பினால் இன்னொரு துண்டு. பட்டு எடுக்கப் போன கடையில் அக்காவுக்கு எந்த நிறமும் பிடிக்கவில்லை என்று வெறுங்கையோடு வந்தோம். இந்த வயதுக்கு இனிமேல் எதற்கு என்று அவள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

ஏலக்காயிலும் அவர் அப்படித்தான். ஒரு வருடம் காய்க்கு யாரும் கண்டிராத விலை வந்தது. ஏல மையத்துக்குள் போய்விட்டு வருகிறவர்கள் முகத்தில் கல்யாணக் களை. இருந்ததை எல்லோரும் தள்ளிவிட்டார்கள். இன்னும் ஏறும் என்று நம்புகிறவர்கள் காயைக் காற்றுப் புகாமல் கட்டி இருட்டில் வைப்பது இங்கே வழக்கம்தான், ஆனால் அவர்களும் ஒரு கட்டத்தில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். மச்சான் அவிழ்க்கவில்லை. "இன்னும் ஒரு ஏத்தம் இருக்கு" என்றார். விலை சரிந்தது. திரும்ப ஏறும் என்றார். ஏறியதும், இன்னும் ஏறும் என்றார்.

ஒருநாள் அக்கா மாடிக்குப் போய் அவரைக் கேட்காமல் ஒரு மூடையை அவிழ்த்துவிட்டாள். அள்ளி எடுத்து என் கையில் கொட்டி, "நீ தரம் பிரிச்சவன்தான, நீயே சொல்லு" என்றாள். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். பச்சை போய், காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது.

மச்சான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நெறந்தான போச்சு? வாசம் இருக்குல்ல" என்றார்.

"வாசத்துக்கு எவன் வெல குடுக்குறான்?" என்று அக்கா கேட்டாள். சத்தம் போடவில்லை. மூடையை அப்படியே திறந்துபோட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகுதான் அவள் கன்சோலை வாங்கி வந்தாள். தேனிக்குத் தனியாகப் போய், கடைக்காரரிடம் விளையாட்டின் பெயரை என் ஃபோனில் காட்டி, பெட்டியையும் விளையாட்டையும் சேர்த்து வாங்கி வந்து கூடத்தில் வைத்தாள்.

"அவரு மெசினு வர்றதுக்குள்ள ஒனக்குக் கண்ணு இருக்குமாடா? இந்தா, வெரசா மாட்டு. இன்னிக்கே வெளாடு."

மாட்டினேன். டிவிக்கு ரொம்பக் கிட்டத்தில் உட்கார்ந்தால் திரையில் ஒரு பங்கு தெரிந்தது. தலையை அசைத்து அசைத்து மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டேன். குதிரை நடந்தது. பனி விழுந்தது. குதிரை மூச்சு விடுவது புகையாகத் தெரிந்தது. அந்தச் சில நாட்கள் நான் சந்தோசமாக இருந்தேன், அதில் சந்தேகமே இல்லை. மலையடிவாரத்தில் ஒரு மரப்பாலம். அதைத் தாண்டினால் ஏற்றம் ஆரம்பிக்கும். பாலத்தருகே வந்து நின்றபோது தோட்டத்திலிருந்து மச்சான் இறங்கி வந்துவிட்டார்.

செருப்பைக் கழற்றாமல் என் பின்னால் நின்றார். அவர் சட்டையிலிருந்து காய் உலர்த்துகிற புகை வாசம் வந்தது. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

"நெழலப் பாரு மாப்ளே, ரவை கொட்டுன மாதிரி இருக்கு. அந்தா, தூரத்து மரம் பொசுக்குபொசுக்குன்னு மொளைக்குது பாரு."

"எனக்கு அதெல்லாம் தெரியல மச்சான். எனக்குத் தெரியறதே கொஞ்சம்."

"அதான் சொல்றேன். தெரியறதே கொஞ்சம், அத நல்லதாப் பாக்க வேணாமா? உச்சிய இதுல பாத்துட்டேன்னா மொதப் பார்வ இதுக்கே போயிரும். பெறகு நான் எதக் காட்டுனாலும் அது ரெண்டாவதுதான்." குரலை இறக்கிக் கேட்டார். "பாலத்தோட நிப்பாட்டு மாப்ளே. மலைய எனக்கு விட்டு வையி."

நிறுத்திவிட்டேன். ஏன் என்று அக்கா பலமுறை கேட்டிருக்கிறாள். ஒரு மனுசர் தனக்கென்று எதையுமே கேட்டதில்லை, அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார். அதுவும் எனக்காகக் கேட்டார். நான் அவரை நம்பினேன். நம்பியதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். கன்சோல் துணி மூடிக் கொஞ்சநாள் இருந்தது, பிறகு அக்கா அதையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

அவருடைய சாவும் இப்படித்தான் வந்தது. பறிப்புக் காலம். தோட்டத்தில் காலையிலிருந்தே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஜீப்பு டிரைவர் வற்புறுத்தியிருக்கிறார், அண்ணே, ஏறுங்க, கீழ போயிருவோம் என்று. "மூட ஏறட்டும், லோடோட சேந்தே எறங்குவோம். ரெண்டு நட எதுக்கு?" என்றிருக்கிறார். மூடை ஏறி, கயிறு கட்டி, வண்டி போடிமெட்டு வளைவுகளில் பாதி இறங்கியபோது டிரைவர் திரும்பிப் பார்த்துப் பேசியிருக்கிறார். பதில் வரவில்லை. டிரைவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்லி அழுதார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீ என்னப்பா செய்வ, அவரு அப்பிடித்தான்" என்றாள்.

நான் சொல்ல வந்தது அந்தச் சாவை அல்ல. அதற்குச் சில மாதம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கார்டு வந்தது. மச்சான் காத்திருந்த வரிசைக்கும் அடுத்த வரிசை. இப்போது கம்ப்யூட்டருக்கு மூளை வைக்கிற ஏஐ கம்பெனிக்காரர்கள் கார்டுக்கு வேண்டிய மெமரியையெல்லாம் அள்ளுகிறார்கள், இனிமேல் கிடைப்பதே கஷ்டம் என்று யாரோ பயமுறுத்தியதால்தான் அதையும் வாங்கினார் என்று நினைக்கிறேன். மதுரைக்கு ரயிலில் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். படி ஏறும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவு மெதுவாக ஏறினார்.

"மாப்ளே, வந்துருச்சு."

"மச்சான், எனக்கு இப்ப உருவம் எதுவும் தெரியறதில்ல. போன மழைக்கே சொன்னேன்ல. வெளிச்சம் மட்டுந்தான். அதுவும் வெள்ளையா, பொக மாதிரி."

இதை நான் அவரிடம் முன்பும் சொல்லியிருக்கிறேன். கொழப்பமில்ல என்றிருக்கிறார், டாக்டரைத் திரும்பப் பார்ப்போம் என்றிருக்கிறார், ஏதோ மருந்து ஆராய்ச்சியில் இருக்கிறது, வந்துவிடும் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதில் எதையும் சொல்லவில்லை. வாசம் இருக்குல்ல என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நான் ஏறிக் காட்டுறேன், நீ பக்கத்துல உக்காரு" என்றார்.

மானிட்டரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தார். இத்தனை வருடம் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கிற சத்தம் நீளமாகக் கேட்டது. விசிறி சுழன்றது. மூடைகளின் பழைய ஏலக்காய் வாசத்தோடு புது பிளாஸ்டிக் சூடாகிற வாசமும் சேர்ந்தது. முகத்தில் லேசாக வெளிச்சம் பட்டது எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. மச்சான் வாழ்க்கையில் ஒரு விளையாட்டுகூட விளையாடியதில்லை. எந்தக் கார்டில் எத்தனை விசிறி என்று தெரியும், எந்தப் பொத்தானை அழுத்தினால் ஆள் நடப்பான் என்று தெரியாது. ஃபோனில் கேட்டும் பார்த்தும் வைத்திருந்ததிலிருந்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். டபிள்யூ எழுத்த அழுத்துங்க, மவுச மெதுவாத் திருப்புங்க, பள்ளம் வந்தா விட்டுருங்க. அவர் விடமாட்டார். குதிரை கத்திக்கொண்டே விழுகிற சத்தம் கேட்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் மாடிக்குப் போய் விழுந்துகொண்டே இருந்தோம். அக்கா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவருகே கொஞ்சம் நின்றுவிட்டுப் போவாள்.

நான் நிறுத்தி வைத்திருந்த பாலத்தை அவர் தாண்டினார். ஒவ்வொன்றாகச் சொன்னார். "பாறை ஈரமா இருக்கு மாப்ளே. பாசி கூடத் தெரியுது. குதிர பெடரியில பனி ஒட்டிருக்கு, ஒதறுது பாரு." பாரு என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். பிறகு அதையும் விட்டுவிட்டார், பாரு பாரு என்றே சொன்னார். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் உச்சிக்கு வந்துவிட்டோம். ஸ்பீக்கரில் காற்று பெரிதாகக் கேட்டது. குதிரை நின்றது. நான் காத்திருந்தேன்.

"வந்தாச்சா மச்சான்?"

"வந்தாச்சு."

"சூரியன்?"

"மேகமா இருக்கு மாப்ளே. பொறு. வெலகட்டும், நல்லாத் தெரியும்போது சொல்றேன்."

எனக்கு அப்படி ஒரு கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கையை நீட்டினேன், மேசை தட்டுப்பட்டது, அதை ஓங்கி அறைந்தேன்.

"வெலக வேணாம் மச்சான். இப்ப என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க. இந்த நிமிசம் அங்க என்ன இருக்கு, அதச் சொல்லுங்க."

கீழே அக்கா பாத்திரம் கழுவுவது நின்றது.

"ஒண்ணுந் தெரியல மாப்ளே" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "எல்லாம் வெள்ளையா இருக்கு. பொக மாதிரி. கீழ பாத்தாலும் வெள்ள, மேல பாத்தாலும் வெள்ள. வந்த வழியுந் தெரியல."

"எனக்கும் அதான் தெரியுது மச்சான்" என்றேன்.

மவுசை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். மதுரை பஸ்சில் பிடித்த அதே பிடி. பொறு என்று சொல்வாரோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லவில்லை.